ஃபுகாஸியின் கடைசி ஆல்பம்

'தி ஆர்க்யூமென்ட்' என்பது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உருவான ஃபுகாஸி என்ற ராக் குழுவின் ஆறாவது ஸ்டூடியோ ஆல்பம். 2001 அக்டோபர் 16 அன்று வெளிவந்தது. அதன் பிறகு அந்தக் குழு புதிய ஆல்பம் எதுவும் போடவில்லை. பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல். அது வெளிவந்தபோது பிறந்தே இராதவர்கள் கூட இன்று அதைத் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள். பெரிய கம்பெனியின் விளம்பரமோ வெற்றிப் பட்டியலில் முதலிடமோ இல்லாத ஓர் ஆல்பத்தின் மேல் இவ்வளவு பற்று ஏற்பட இசை ஒரு காரணம். ரசிகர்களிடம் அந்தக் குழு நடந்துகொண்ட விதம் இன்னொரு காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பற்று புரியும்.

ஃபுகாஸியின் இசையைப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற வகையில் சேர்ப்பார்கள். 1980ஐ ஒட்டி அமெரிக்க நகரங்களில் பங்க் இசை இன்னும் வேகமாக, இன்னும் முரட்டுத்தனமாக மாறியது. அதுதான் ஹார்ட்கோர். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். கிட்டார் அலறும், டிரம்ஸ் தலைதெறிக்க ஓடும், பாடுபவர் கத்துவார். வாஷிங்டனில் இதற்கு முன்னோடிகளாக பேட் பிரெயின்ஸ், மைனர் த்ரெட் ஆகிய குழுக்கள் இருந்தன. மைனர் த்ரெட்டின் பாடகர் இயன் மக்காய், நண்பர் ஜெஃப் நெல்சனுடன் சேர்ந்து 1980இல் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளுக்குள் ஹார்ட்கோர் மேடைகள் அடிதடிக்கும் முரட்டுக் கும்பலுக்கும் பேர்போயின. இசையும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆனது. 1985 கோடையில் வாஷிங்டன் இளைஞர்கள் இதிலிருந்து விலகி, வேகத்தைக் குறைத்து மனதைத் திறந்து பாடத் தொடங்கினார்கள். ஹார்ட்கோரின் உறுதியும் சொந்தக்காலில் நிற்கும் பிடிவாதமும் அப்படியே இருக்க, பாட்டின் வடிவத்தை மட்டும் உடைத்துப் பார்த்த இந்தப் போக்குக்குத்தான் பின்னாளில் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற பெயர் நிலைத்தது.

ஃபுகாஸி 1987 செப்டம்பர் 3 அன்று முதன்முதலாக மேடை ஏறியது. மக்காய் கிட்டாரும் குரலும், ஜோ லாலி பேஸ் கிட்டார், பிரெண்டன் கான்டி டிரம்ஸ். சிறிது காலத்தில் கை பிச்சியோட்டோ இரண்டாவது பாடகராகச் சேர்ந்தார். பிறகு அவரும் கிட்டார் எடுத்தார். கடைசி வரை இந்த நால்வரில் ஒருவரும் மாறவில்லை. பாட்டுகள் பெரும்பாலும் குழுவின் பெயரில்தான் வந்தன. பழவேற்காடு ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடம் ஒரே வீட்டுக்குப் போய்விடாதபடி பாடு முறையில் ஆள் மாற்றி ஆள் வலை கட்டுவதைப் போல, இங்கே பாடும் முறையும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது.

டிக்கெட் விலைதான் ஃபுகாஸியைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்லும் செய்தி. முடிந்தவரை ஐந்து டாலருக்கு மேல் வாங்க மாட்டார்கள். எந்த வயதினரும் உள்ளே வரலாம் என்பது அடுத்த நிபந்தனை. அமெரிக்காவில் ராக் கச்சேரிகள் பெரும்பாலும் மதுக்கூடங்களில் நடப்பதால் சிறுவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அதனால் ஃபுகாஸி தேவாலயக் கூடம், சமூகக் கூடம், பள்ளி அரங்கம் என்று இடம் தேடியது. குழுவின் பெயர் போட்ட பனியன் விற்கவில்லை. பெரிய இசைக் கம்பெனிகள் வாசலுக்கு வந்தபோதும் டிஸ்கார்டை விட்டுப் போகவில்லை. கூட்டத்தில் யாராவது பக்கத்தில் இருப்பவரை இடித்துத் தள்ளி அடாவடி செய்தால் பாட்டை நடுவிலேயே நிறுத்துவார்கள். சொல்லியும் கேட்காதவரிடம் ஐந்து டாலரை உறையில் வைத்துக் கொடுத்து வெளியே அனுப்பிய கதைகள் பிரபலம். முன்வரிசையில் சிறு பெண்களும் பயமில்லாமல் நிற்க முடிந்தது என்பதைப் பழைய ரசிகர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கச்சேரிகளை இப்படியே நடத்தினார்கள். கேட்பவரை வாடிக்கையாளராக அல்லாமல் விருந்தினராக நடத்திய குழு என்ற மதிப்பு, கடைசி ஆல்பம் வருவதற்கு முன்பே ஊன்றிவிட்டது.

அந்த ஆல்பம் 2001 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வாஷிங்டனுக்கு எதிரே ஆற்றுக்கு அப்பால் உள்ள ஆர்லிங்டனில், இன்னர் இயர் ஸ்டூடியோவில் பதிவானது. ஒலிப்பதிவு டான் ஸியன்டாரா. நகரத்தின் பங்க் குழுக்களில் அவரிடம் பதிவு செய்யாதவர்கள் குறைவு. குழு அதுவரை அதிகம் செய்யாத சிலவற்றை இங்கே செய்தது. செல்லோ வந்தது. பெண் குரல்கள் பின்னணியில் சேர்ந்தன. குழுவோடு நெடுநாள் பயணம் செய்து மேடையில் துணை நின்ற ஜெர்ரி புஷர் இரண்டாவது டிரம்ஸ் வாசித்தார். 'எக்ஸ்-ஸ்பெக்டேட்டர்' பாட்டில் இரண்டு டிரம்ஸும் சேர்ந்து முழங்கும் தொடக்கம் ரசிகர்கள் ஒவ்வொருவரும் குறிப்பிட்டுச் சொல்லும் இடம். பேசும் குரலுக்குப் பக்கத்தில் நிற்கும் லாலியின் பாட்டான 'தி கில்', தாளத்தை அவசரமில்லாமல் அவிழ்த்துக்கொண்டே போகும் பிச்சியோட்டோவின் 'ஸ்ட்ரேஞ்ச்லைட்', கத்தலில் தொடங்கி மெல்லிசைக் கோரஸுக்குப் போய்ச் சேரும் 'ஃபுல் டிஸ்க்ளோஷர்' என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் போகிறது. சத்தம் குறையவில்லை. எப்போது சத்தம் போடவேண்டும் என்பதில் மட்டும் பதினான்கு வருட அனுபவம் தெரிகிறது.

ஆல்பத்தின் முதல் பாட்டான 'கேஷ்அவுட்' இதை நன்றாகக் காட்டும். கிட்டார் மிக மெதுவாகத் தொடங்குகிறது. மக்காய், பழைய நாட்களில் தொண்டை கிழியக் கத்தியவர், ஏறக்குறையப் பேசுவதுபோல் பாடுகிறார். ஒரு வாடகைக் குடியிருப்பைக் காலி செய்யும் காலைப்பொழுதுதான் பாட்டின் கதை. வீட்டுச் சாமான்கள் தெருவோரம் கிடக்கின்றன, குடும்பம் அதன் பக்கத்தில் நிற்கிறது. யாரையும் வசைபாடாமல் நடந்ததை அடுக்கிக்கொண்டே போகும் குரல், இருக்க ஓர் இடம் என்ற கேள்விக்கு வரும்போது மட்டும் வெடிக்கிறது. அதுவரை அடக்கி வைத்ததால்தான் அந்த வெடிப்புக்கு அவ்வளவு கனம். விலைவாசி ஏற ஏற வாஷிங்டனின் ஏழைக் குடும்பங்கள் தம் தெருக்களை விட்டு வெளியேற்றப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் எழுதிய பாட்டு இது. இதைப் பதிவு செய்த இன்னர் இயர் ஸ்டூடியோவும் 2021இல் மூடப்பட்டது. அந்த வளாகத்தை மறுமேம்பாட்டுக்காக ஆர்லிங்டன் நிர்வாகம் வாங்கியிருந்தது. ரசிகர்களுக்கு 'கேஷ்அவுட்' அன்று இன்னொரு முறை கேட்டது.

வடசென்னையில் இருப்பவருக்கு இந்தப் பாட்டின் பொருளை விளக்க வேண்டியதில்லை. மீஞ்சூரைத் தாண்டிக் கடலோரம் போனால் காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளத்துக்காக அங்கிருந்த மீனவக் குப்பம் இடம் மாற்றப்பட்டது. அங்குள்ள துறைமுகத்தை 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காடு வரை உள்ள மீனவ ஊர்கள் எதிர்த்து நின்றன. இந்தப் பகுதியின் இன்னொரு காயமான எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றி 2017 ஜனவரியில் ஒரு பாட்டு வந்தது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் பொறம்போக்குப் பாடல்'. அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த நிலத்தில் நின்று, கர்நாடக ராகங்களில், சென்னைத் தெருப் பேச்சில் பாடப்பட்டது. ஃபுகாஸிக்கும் அதற்கும் இசையில் எந்த உறவும் இல்லை. ஆனால் பறிபோகும் பொது இடத்தைப் பற்றிய கோபத்தைப் பெரும்பாலும் கத்தாமல், நிதானமாக, கேட்பவர் நகர முடியாதபடி சொல்லும் முறை இரண்டுக்கும் பொது. 'கேஷ்அவுட்'டைத் தமிழ்க் காதுக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஆர்க்யூமென்ட்' போரைப் பற்றியது. குண்டு விழத் தொடங்கிவிட்டால் யார் எந்தப் பக்கம் என்பதற்கே அர்த்தமில்லாமல் போகிறது என்பது அதன் சாரம். எழுதியதும் பதிவு செய்ததும் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பு. கடைக்கு வந்ததோ ஆப்கானிஸ்தான் மீது அமெரிக்கா குண்டு போடத் தொடங்கி ஒன்பது நாள் கழித்து. போரை ஆதரிக்காதவர் வாய்திறக்கத் தயங்கிய அந்த வாரங்களில் இந்தப் பாட்டு பலருக்குத் துணையாக இருந்தது. ஆல்பம் ஒரு காலத்தின் ஆவணமாகவும் நினைக்கப்படுவதற்கு இந்தத் தற்செயல் பெரிய காரணம்.

ரசிகர்களுக்குள் சண்டையும் உண்டு. 1988இன் 'வெயிட்டிங் ரூம்' தான் ஃபுகாஸியின் மிகப் பிரபலமான பாட்டு. 1990இன் 'ரிப்பீட்டர்' ஆல்பமே உச்சம் என்பவர்கள் ஏராளம். 1995இன் 'ரெட் மெடிசின்' தான் துணிச்சலானது என்பது இன்னொரு கட்சி. அவரவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தொடக்க ஆல்பங்களில் தனித்தனியாக இருந்த வேகம், பரிசோதனை, மெட்டு மூன்றும் ஒரே இடத்தில் கூடியது 'தி ஆர்க்யூமென்ட்'டில்தான். பதினான்கு ஆண்டுகள் ஆன ஒரு ராக் குழு தன் சிறந்த வேலையைக் கடைசியில் செய்வது அபூர்வம்.

அது கடைசி என்று யாரும் சொல்லிச் செய்யவில்லை. 2002 நவம்பர் 4 அன்று லண்டனில் ஒரு கச்சேரி நடந்தது. அதோடு குழு காலவரையற்ற ஓய்வுக்குப் போனது. குழந்தைகள் பிறந்திருந்தார்கள், வீட்டுப் பொறுப்புகள் கூடின, பழையபடி மாதக்கணக்கில் ஊர்சுற்ற முடியவில்லை. அரைகுறையாகச் செய்வதைவிட நிறுத்திவைப்பது மேல் என்று முடிவெடுத்தார்கள். சண்டை இல்லை, பிரிவு அறிவிப்பு இல்லை, பிரியாவிடைப் பயணம் என்ற பெயரில் டிக்கெட் விற்பனை இல்லை. பெரிய தொகை தருவதாக அழைப்புகள் வந்தும் மறுபடி மேடை ஏறவில்லை.

இதே வகை இசையில் வேறு இரண்டு 'கடைசி' ஆல்பங்களின் கதை வேறு மாதிரிப் போனது. ஸ்வீடனின் ரெஃப்யூஸ்ட் குழு 1998இல் 'தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்' வெளியிட்ட கையோடு உடைந்தது. வெளிவந்தபோது அதிகம் பேர் கவனிக்காத அந்த ஆல்பம் பின்னால் ஒரு தலைமுறைக்கே பாடப்புத்தகம் ஆனது. டெக்சஸின் அட் த டிரைவ்-இன் குழு 2000இல் 'ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்' தந்து, புகழ் கூடிவந்த நேரத்தில் 2001இல் பிரிந்தது. இரண்டு குழுக்களும் 2012இல் மீண்டும் மேடை ஏறி, 2015, 2017 ஆண்டுகளில் புது ஆல்பங்களும் போட்டன. வந்ததில் தவறில்லை, ரசிகர்கள் மகிழ்ந்துதான் வரவேற்றார்கள். ஆனால் பழைய ஆல்பத்தோடு விழுந்த முற்றுப்புள்ளி அழிந்துவிட்டது.

ஃபுகாஸியின் ரசிகர்களுக்குப் புது ஆல்பத்துக்குப் பதிலாகக் கிடைத்தது ஒரு சேமிப்பு. குழுவின் ஒலிப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்காகக் கச்சேரிகளை நாடாவில் பதிந்து வைத்திருந்தார்கள், எண்ணூறுக்கு மேல். 2011 டிசம்பரில் டிஸ்கார்ட் அவற்றைப் படிப்படியாக இணையத்தில் ஏற்றத் தொடங்கியது. ஒரு கச்சேரிக்குக் கேட்ட விலை பழைய டிக்கெட் விலையான அதே ஐந்து டாலர். கட்ட முடியாதவர் குறைத்தும் தரலாம். தாங்கள் பத்திரப்படுத்திய நோட்டீஸ், டிக்கெட், புகைப்படங்களை ரசிகர்கள் அனுப்பி அந்தச் சேமிப்பை நிரப்பினார்கள். ஃபுகாஸி மேடையில் பாட்டு வரிசை எழுதி வைத்துக்கொண்டதில்லை. யாராவது ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஒரு இரவு இன்னொரு இரவைப்போல் இருக்காது. கடைசி ஆல்பத்தின் பாட்டுகள் பதிவுக்கு முன் எப்படி இருந்தன, பிறகு எப்படி நீண்டன என்று தேதிவாரியாக ஒப்பிட்டுக் கேட்பது ரசிகர்களில் பலருக்கு வாழ்நாள் வேலை. 'தி ஆர்க்யூமென்ட்' வந்த அதே நாளில் 'ஃபர்னிச்சர்' என்ற மூன்று பாட்டுச் சிறு இசைத்தட்டும் வந்தது. அதன் தலைப்புப் பாட்டு குழுவின் ஆரம்ப நாட்களிலேயே மேடையில் வாசித்த ஒன்று என்பதை இந்தச் சேமிப்பில் காது கொடுத்துக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

நால்வரும் இசையை விடவில்லை. மக்காய் தன் மனைவி ஏமி ஃபரீனாவோடு தி ஈவன்ஸ் என்ற இருவர் குழுவில் பாடினார். பிறகு லாலியும் சேர, கோரிக்கி என்ற பெயரில் மூவரும் 2020இல் ஆல்பம் போட்டார்கள். லாலியும் கான்டியும் கிட்டார் கலைஞர் ஆன்டனி பைராக்குடன் தி மெஸ்தெடிக்ஸ் குழுவில் வாசிக்கிறார்கள். 2024இல் சாக்ஸஃபோன் கலைஞர் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸோடு சேர்ந்து ஜாஸ் பக்கமும் போய் வந்தார்கள். பிச்சியோட்டோ மற்றவர்களின் ஆல்பங்களுக்குத் தயாரிப்பாளராக இருக்கிறார். 2023இல் 'வீ ஆர் ஃபுகாஸி ஃப்ரம் வாஷிங்டன், டி.சி.' என்ற படம் திரைக்கு வந்தது. கூட்டத்தில் நின்ற ரசிகர்கள் அந்தக் காலத்தில் சொந்தக் கேமராவில் எடுத்த காட்சிகளைக் கோத்து உருவாக்கிய படம் அது.