சுவிட்ச் ஏன் சூடாகிறது?

ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் மின்சாரம் என்றால் விளக்கு என்றே பொருள். மாலையில் எஞ்சின் ஓடத் தொடங்கும். இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். வீட்டிற்கு இரண்டொரு விளக்குகள், வசதி உள்ளவர் வீட்டில் ஒரு வானொலி, அவ்வளவே. இன்றோ சமையலறையில் மின்சாரக் கேத்தலும் ரைஸ் குக்கரும் உள்ளன. குளியலறையில் வெந்நீர்க் கருவி உள்ளது. இக்கருவிகளை வாங்கும்பொழுது நாம் பலரைக் கேட்டு, பல கடை ஏறி இறங்கி வாங்குகிறோம். ஆனால் அவற்றை இயக்கும் சுவிட்சை மட்டும், பசார் மாலாமில் எது மலிவோ அதையே எடுத்து வருகிறோம்.

இதில் உள்ள ஆபத்தை உணர ஒரு சிறு கணக்குப் போதும். நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 0.04 ஆம்பியர். 2,000 வாட் கேத்தல் இழுப்பது 8.7 ஆம்பியர். 3,600 வாட் வெந்நீர்க் கருவியோ 15.7 ஆம்பியர் இழுக்கிறது. அதாவது, கேத்தலின் சுவிட்ச் விளக்கின் சுவிட்சைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் சுமக்கிறது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதுதான் நம்மை ஏமாற்றுகிறது.

சுவிட்சினுள்ளே இரண்டு உலோக முனைகள் உள்ளன. அழுத்தும்பொழுது ஒன்றையொன்று தொடுகின்றன, மின்னோட்டம் பாய்கிறது. தொடும் இடத்தில் சிறிதளவு தடை எப்பொழுதும் உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், அங்கே உண்டாகும் வெப்பம் வாட் கணக்கில் கிடைக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதே இதன் பொருள். நல்ல சுவிட்ச் ஒன்றில் தொடுமுனையின் தடை 0.005 ஓம் என்று கொள்வோம். 15 ஆம்பியர் பாயும்பொழுது உண்டாகும் வெப்பம் ஒரு வாட்டைச் சற்றே தாண்டும், அது தீங்கற்றது. தடை 0.1 ஓமாக உயர்ந்துவிட்டால் அதே மின்னோட்டத்தில் 22.5 வாட் வெப்பம் உண்டாகும். ஈயம் பற்றவைக்கும் சிறிய கோல் ஒன்றின் வெப்பம் ஏறக்குறைய இவ்வளவே. அக்கோலைப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துச் சுவரில் பதித்ததற்கு ஒப்பாகும் இது.

தரமான சுவிட்சில் தொடுமுனைகள் வெள்ளி கலந்த உலோகத்தால் ஆனவை. (நாம் இங்கே குறிப்பது உலோகத்தை, சட்டைப்பையில் இருக்கும் வெள்ளியை அன்று. ஆயினும் ஒன்றின் விலையால்தான் மற்றொன்று குறைக்கப்படுகிறது!) வெள்ளி மின்சாரத்தை நன்கு கடத்தும்; அதன் மேற்பரப்பு மங்கினாலும் எளிதில் தடையாகி நிற்பதில்லை. மலிவுச் சரக்கில் வெள்ளியை மெல்லிய பூச்சாக நிறுத்திவிடுகின்றனர்; அல்லது அறவே விட்டுவிடுகின்றனர். வெறும் செம்போ பித்தளையோ சூட்டில் கறுத்து, மின்சாரத்தைத் தடுக்கும் படலம் ஏறுகிறது. தகடும் மெலிதாகவே இருக்கும். முனைகளை இறுக்கிப் பிடிக்கும் வில்லோ சூட்டில் தளர்கிறது. வில் தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு மிகும். சூடு மிகுந்தால் வில் மேலும் தளரும். இச்சுழல் ஒரு முறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை.

சுவிட்சை அணைக்கும்பொழுது முனைகளுக்கிடையே சிறு தீப்பொறி தோன்றுவது இயல்பு. நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொட்டு மீள்வதால் அப்பொறி விரைவில் அவிந்துவிடும். ஆனால் பிரிய வேண்டிய முனைகள் தயங்கித் தயங்கிப் பிரிந்தால், ஒவ்வொரு முறையும் பொறி அவற்றைச் சிறிது தின்றுவிடுகிறது.

“பிரேக்கர் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?” என வாசகர்கள் கேட்கக்கூடும். காப்பாற்றாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். 20 ஆம்பியர் பிரேக்கர், மின்னோட்டம் அளவு மீறினால்தான் விழும். நாம் கண்ட எடுத்துக்காட்டில் பாய்வது 15 ஆம்பியர்தான். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியும் வாளாவிருக்கும். கசிவு ஏதும் இல்லையே! வெந்நீர்க் கருவியும் குறையின்றி இயங்கும்; 230 வோல்ட்டில் சுவிட்ச் விழுங்குவது 1.5 வோல்ட் மட்டுமே. எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் தோன்றும் வேளையில், சுவருக்குள் பிளாஸ்டிக் கருகிக்கொண்டிருக்கும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் வாழும் பழைய மரவீட்டு லயங்களில் இதன் விளைவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

ஆகவே வாங்கும்பொழுது கவனம் வேண்டும். சுவிட்சின் மீது 20 ஆம்பியர் என அச்சிட்டிருப்பது சான்றாகாது. எந்த எண்ணையும் எவரும் அச்சிடலாம். வீட்டுச் சுவிட்சுகள் விற்பனைக்கு வருமுன் சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது நம் நாட்டின் சட்டம். அதற்குரிய சிரிம் முத்திரை வரிசை எண்ணுடன் ஒட்டப்பட்டிருக்கும். முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். போலி முத்திரைகளும் உலவக்கூடுமாதலால், ரசீது தரும் நிலையான கடையில் வாங்குவதே நன்று.

கடையிலேயே சுவிட்சை மெல்ல அழுத்திப் பாருங்கள். பாதி வழியில் நின்று ஊசலாடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்புறத் திருகுகள் கம்பியை முழுமையாகப் பற்றும் அளவிற்குப் பெரியவையாக இருக்க வேண்டும். சிலர் காந்தம் வைத்துச் சோதிப்பர். மின்சாரம் பாயும் தகட்டைக் காந்தம் இழுத்தால் அது பித்தளை அன்று, இரும்பு எனக் கொள்ளலாம். ஆனால் சட்டமும் சில திருகுகளும் நல்ல சுவிட்சிலும் இரும்பாக இருப்பதுண்டு. எனவே இச்சோதனையை மட்டும் நம்புவதற்கில்லை. எடை கூடியதெல்லாம் தரமானது என்ற எண்ணமும் அத்தகையதே.

வெந்நீர்க் கருவிக்கு விளக்குச் சுவிட்ச் ஒருபோதும் ஆகாது. இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் 20 ஆம்பியர் இருமுனைச் சுவிட்சே வேண்டும். அதைப் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டே பொருத்துங்கள். உயர்ந்த சுவிட்சும் திருகு தளர்ந்திருந்தால் மலிவுச் சுவிட்சைப் போலவே எரியும். கம்பியின் இழைகள் துளைக்குள் நுழையவில்லை என்று இரண்டொன்றை வெட்டிவிடும் கைவேலைக்காரரிடம் இப்பணியை ஒப்படைக்க வேண்டாம்.

ஏற்கனவே வீட்டில் உள்ளவற்றை எப்படி அறிவது? கருவி பத்து நிமிடம் ஓடிய பின், உலர்ந்த புறங்கையால் சுவிட்சின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம்; கையை எடுக்கச் செய்யும் சூடு கூடாது. மூடி மஞ்சளித்தல், மீன் அழுகியது போன்ற நாற்றம், சிறு சடசடப்பு ஆகியவை தென்பட்டால், முதலில் பிரதான பெட்டியில் பிரேக்கரை இறக்கி மின்சாரத்தை நிறுத்துங்கள். அந்தச் சுவிட்சைத் தொட்டு அணைக்க முயல வேண்டாம். வீடு தோட்டத்துக்கு உரியதாயின் அன்றே அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னது பெரும்பாலும் மறக்கப்படும்.

கழற்றிய பழைய சுவிட்சை மேசை அறையில் போட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. என்றேனும் உதவும் என்ற எண்ணந்தான். வயர்மேன் புறப்படுமுன் அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடச் சொல்லுங்கள்.