முதலில் அவரைக் கேளுங்கள்

“அப்பாவிடம் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்.” தாசேக் கெலுகோரானாலும் கோலாலம்பூரானாலும், புற்றுநோய் முற்றிவிட்டது என்றதும் நம் வீட்டார் மருத்துவரிடம் வைக்கும் முதல் வேண்டுகோள் பெரும்பாலும் இதுதான். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் மறைத்த பிறகு? இன்னொரு கீமோதெரபி வேண்டுமா, ஆஸ்பத்திரியா வீடா என்று பிள்ளைகள் வராந்தாவில் நின்று முடிவெடுக்கிறார்கள். நாற்பது வருடம் பால்மரம் சீவிக் குடும்பத்தைக் கரையேற்றியவர், தன் கடைசி நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

நோய் தீராது என்ற நிலையில் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பதே நோய்த்தணிப்புப் பராமரிப்பு. 2019-2030க்கான தேசியக் கொள்கையே இதற்கு இருக்கிறது. (மார்ஃபின் என்றாலே பயப்படுகிறோம், மருத்துவர் அளவோடு கொடுத்தால் அது வலிக்கான மருந்துதான்.) பயன் தராத சிகிச்சையை நோயாளி மறுப்பது தற்கொலை அல்ல. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘வாழும் உயிலை’ ஏற்றது. நடைமுறை கடினமாக இருந்ததால் 2023-இல் எளிதாக்கியது. மலேசியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆகவே, பேச முடிகிறபோதே கேட்டு, எழுதி, மருத்துவரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுவது நல்லது.

கேட்டுப் பாருங்கள். “வலி குறையணும், குழாயெல்லாம் வேணாம்யா, கட்டிலை வாசப்பக்கம் போடு” என்பார். பெரும்பாலும் அவ்வளவுதான் கேட்பார்.