வலுப் பயிற்சியாளருக்கு உயர் ஊதியம் தகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அந்தச் சுவரை எழுப்பித் தருபவருக்கு எவ்வளவு கூலி தரலாம்? இவ்வினாவை அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்துத் திடலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கர் கால்பந்து என்று அழைப்பது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மோதி வீழ்த்துவதுமே அந்த ஆட்டம். நூறு கிலோவைத் தாண்டிய இளைஞர் பலர் தலைக்கவசம் அணிந்து மோதிக் கொள்வர். ஆகவே ஆட்ட நுணுக்கம் கற்பிப்போர் ஒருபுறம் இருக்க, உடலை வலுவாக்குவதற்கென்றே தனியாக ஒரு பயிற்சியாளர் அங்கு உண்டு. அவரே வலுப் பயிற்சியாளர்.

இத்தொழில் பிறந்த கதை சுவையானது. எடை தூக்கினால் உடல் இறுகி வேகம் குறைந்துவிடும் என்று அந்நாளில் பலரும் நம்பினர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பாய்ட் எப்லி என்ற கோலூன்றித் தாண்டும் மாணவர், தம் காயத்திலிருந்து மீள எடைப் பயிற்சி செய்து வந்தார். அதைக் கண்ட பல்கலைக்கழகம் 1969இல் அவரையே பயிற்சியாளராக அமர்த்தியது. ஊதியம் மணிக்கு 2 டாலர்! அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அப்பல்கலைக்கழகம் நாட்டின் முதன்மை அணியாயிற்று. பிற கல்லூரிகளும் அவ்வழியே நடக்கலாயின. 1978இல் எப்லி முன்னின்று இத்தொழிலருக்கென ஒரு தேசியச் சங்கமும் கண்டார்.

மணிக்கு 2 டாலரில் தொடங்கிய தொழில் ஐம்பதே ஆண்டுகளில் எங்குச் சென்றது தெரியுமா? 2019ஆம் ஆண்டு அயோவா பல்கலைக்கழக வலுப் பயிற்சியாளரின் ஆண்டு ஊதியம் 8 இலட்சம் டாலர்!

இதைப் படித்ததும் எனக்குச் சினமே வந்தது. என் தந்தையார் நெல் மண்டியில் மூட்டை சுமப்பவர். முப்பது ஆண்டுகளாக எடை தூக்கி வருபவர். அந்த மூட்டைக் கூலியில்தான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஒருவன் கல்லூரி வாயிலை மிதித்திருக்கிறான். எடை தூக்கக் கற்றுக் கொடுப்பவருக்கு எட்டு இலட்சம் டாலரா என்று என் மனம் கேட்டது. எனினும், சினம் தீர்ப்பு ஆகாது அல்லவா? இருபக்கமும் பார்ப்போம்.

ஊதியத்தை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் வலுவானவை. முதலாவது, பணம் வரும் வழி. பிக் டென் என்னும் கூட்டமைப்பு 2022இல் செய்துகொண்ட ஏழாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் 700 கோடி டாலருக்கு மேல். அப்பணத்தை ஈட்டித் தரும் அணியை உருவாக்குபவருக்கு ஒரு பங்கு தருவதில் தவறென்ன என்பது அவர்கள் வாதம். இரண்டாவது, பொறுப்பு. போட்டிப் பருவம் முடிந்த பின்பு மற்றப் பயிற்சியாளர்கள் வீரர்களுடன் செலவிடும் நேரத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு. அம்மாதங்களில் வீரருடன் மிகுதியாக இருப்பவர் வலுப் பயிற்சியாளரே.

மறுபக்கத்தை நம் விலங்கியல் பாடமே காட்டுகிறது. தசை, வேலை செய்யும்போது களைத்து, ஓய்வில் வளர்கிறது. சுமையைப் படிப்படியாக ஏற்றினால் உடல் ஏற்றுக்கொள்ளும். பழக்கமற்ற தசையின்மீது பெருஞ்சுமையைத் திடீரென ஏற்றினாலோ தசைச் செல்கள் சிதைகின்றன. அவற்றினுள் இருக்கும் மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலக்கிறது. சிறுநீர் கரும்பழுப்பாகிறது, சிறுநீரகமே செயலிழக்கவும் கூடும்.

இது ஏட்டளவிலான அச்சம் அன்று. 2011 சனவரியில் அதே அயோவாவில் 13 வீரர்கள் இந்நோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 2017 சனவரியில் ஆரெகன் பல்கலைக்கழகத்தில் மூவர். 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியின்போது 19 வயது வீரர் ஒருவர் வெப்பத் தாக்குக்கு ஆளாகி, சூன் 13 அன்று உயிர் நீத்தார். உடனே குளிர்நீரில் அமிழ்த்தியிருக்க வேண்டும், அது செய்யப்படவில்லை. பொறுப்பைப் பல்கலைக்கழகத் தலைவரே ஏற்றுக்கொண்டார். அங்கிருந்த வலுப் பயிற்சியாளர் ஏறத்தாழ 3,15,000 டாலர் பெற்று விலகினார்.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை என்னைத் தாக்கியது. மூன்றும் விடுமுறை முடிந்து வீரர்கள் திரும்பியவுடன் நடந்தவை! ஓய்ந்திருந்த உடலுக்கு முதல் நாளே முழுச்சுமை.

இதை ஒருநாள் தந்தையாரிடம் கூறினேன். அவர் வியக்கவில்லை. "காய்ச்சல்ல பத்து நாள் படுத்து எந்திரிச்சவன் தோள்ல மொத நாளே முழு மூட்டைய ஏத்துவாங்களாடா? ரெண்டு நாள் சாக்குத் தைக்கச் சொல்வோம், அப்புறம் சின்ன மூட்டை. அது மேஸ்திரி பொறுப்பு" என்றார். பள்ளிக்கூடம் காணாத என் தந்தை அறிந்த இந்த உண்மைக்கு அவர் ஒரு காசும் கூடுதலாகப் பெற்றதில்லை.

ஆகவே என் முடிவு இது. எடை தூக்கச் சொல்வதற்கு எட்டு இலட்சம் மிகை. 'இன்று போதும், நிறுத்து' என்று சொல்லத் தெரிந்த அறிவுக்கும், அதைச் சொல்லும் துணிவுக்கும் உயர் ஊதியம் தகும். ஏனெனில் அங்கே காக்கப்படுவது ஒரு தாயின் மகன். ஆனால் இன்று அந்த ஊதியம் வெற்றிகளை எண்ணியே அளக்கப்படுகிறது. தலைமைப் பயிற்சியாளரின் மனம் குளிர நடந்தால்தான் வேலை நிலைக்கும் என்றால், நிறுத்தச் சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? அணி எத்தனை ஆட்டம் வென்றது என்று கேட்பதோடு, எத்தனை மாணவர் நலமுடன் பட்டம் பெற்றுச் சென்றனர் என்றும் கேட்டு ஊதியத்தை அளக்கட்டும். பயிற்சியை நிறுத்தும் அதிகாரம், பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத மருத்துவரிடம் இருக்கட்டும்.

தோழர்களே, உடல் வலிமையை வளர்க்கும் கலை உயர்ந்த கலைதான். அதற்குரிய மதிப்பை மணிக்கு 2 டாலர் என்று குறைக்கவும் வேண்டா. உயிருக்கு மேலாக உயர்த்தவும் வேண்டா. சித்திரம் அழகாக அமையட்டும், சுவர் இடியாதிருக்கட்டும்!