அடிபட்ட கூகையை வீட்டில் வைத்து வளர்க்கலாமா?

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என எந்த ஊரை எடுத்தாலும் பழைய தோல் குடோன்களின் பரணிலும் மூடிக் கிடக்கும் ஷெட்டுகளிலும் கூகை குடியிருக்க வாய்ப்புண்டு. எலி கிடைக்கும் இடத்தை அது தேடி வரும். அதன் அலறலைக் கேட்டால் வீட்டில் சாவு விழும் என்ற பயத்தில் கல்லால் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு நேர்மாறாக, அடிபட்டு விழுந்த கூகையையும் புள்ளி ஆந்தையையும் அட்டைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞர்களும் பெருகி வருகிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. நல்ல மனசோடு செய்கிற காரியமே பறவையைக் கொல்லவும், செய்தவரை வழக்கில் மாட்டவும் முடியும்.

முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆந்தையைப் பிடிப்பதும், முட்டையை எடுப்பதும், கூட்டைக் கலைப்பதும் வேட்டைக் குற்றங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முதல் அட்டவணையில் உள்ள இனமென்றால் சிறைத் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டு வரை போகலாம். அரசுக்குச் சொந்தமான காட்டுயிர் ஒருவர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. 'குணமாகும்வரை வைத்திருந்தேன்' என்பது பாதுகாப்பான பதில் இல்லை. மீட்பு மையம் நடத்தவும் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். மொட்டை மாடியில் கூண்டு கட்டி 'மறுவாழ்வு மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டிவிட முடியாது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது சாப்பாடு. கீழே கிடக்கும் ஆந்தையின் வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்றுகிறோம். அது மூச்சுக்குழாயில் போனால் பறவை செத்துவிடும். தயிர்சாதமும் பிரெட்டும் அதற்கு உணவே இல்லை. கறிக்கடையில் வாங்கிய வெறும் சதைத் துண்டும் போதாது. ஆந்தை எலியை எலும்பு, மயிரோடு விழுங்கி, செரிக்காததை உருண்டையாகக் கக்கும் பறவை. எலும்பில்லாத கறியை மட்டும் தின்று வளரும் குஞ்சுக்குச் சுண்ணாம்புச்சத்து குறைந்து கால் வளைந்துவிடும். கையிலேயே வளர்ந்த குஞ்சு மனிதரையே தன் இனமாக எண்ணப் பழகிவிட்டால், காட்டில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம். தரையில் கிடக்கும் குஞ்சில் அடி ஏதும் தெரியாவிட்டால் அது பெரும்பாலும் அனாதை இல்லை. பூனை, நாய் எட்டாத உயரத்தில், வந்த பொந்திலேயே வைத்தால் தாய் வந்து ஊட்டும்.

அடிபட்டதென்றால் காற்றோட்டத் துளையிட்ட அட்டைப் பெட்டி, அடியில் பழைய துணி, இருட்டு, அமைதி. இவ்வளவுதான் நாம் செய்ய வேண்டியது. தூக்கும்போது துண்டைப் போர்த்தி, கால்களை முதலில் பிடிக்க வேண்டும். அலகைவிட நகம்தான் ஆழமாகக் கிழிக்கும். தடித்த தோல் கையுறை நம் ஊரில் அரிதான பொருளில்லை, போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும், செல்பி எடுப்பதும், இடத்தின் பெயரோடு வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தை விற்கும் கும்பல்கள் நாட்டில் உண்டு. வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2010-லேயே இதைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. கூடு இருக்கும் இடம் வெளியே தெரிவதுதான் அவர்களுக்கு வேண்டும்.

பறவையை எங்கே கொண்டு போவது? ஆம்பூர், பேரணாம்பட்டு, ஆலங்காயம், ஒடுகத்தூர் என உங்களுக்கு அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு. இரவானால் காவல் நிலையத்துக்கு. ஒப்படைத்ததற்கு நாள், நேரம் எழுதிய ஒப்புகை கேளுங்கள். யாரும் வாங்க மறுத்தால் மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், முதலமைச்சர் உதவி மைய எண் 1100-லும் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு எண்தான் பிற்பாடு உங்களுக்குச் சாட்சி. ஆந்தை விற்பனையைக் கண்டால், சென்னையில் மண்டல அலுவலகம் உள்ள வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்துக்கும் தகவல் கொடுக்கலாம்.

தொடர்ந்து தொண்டு செய்ய விரும்பினால் வனச்சரகரிடம் எழுத்தில் விருப்பம் தெரிவித்து, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மட்டும் பறவையைத் தொடுங்கள். கூண்டு கழுவுவது, பெட்டி தயார் செய்வது, எடை எழுதுவதுதான் ஆரம்ப வேலை. அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள்.

ஆந்தை விழாமல் தடுப்பதும் தொண்டுதான். குடோனில் எலி பாஷாணம் வைத்தால், அதைத் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகும். பொறிவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்த நைலான், கண்ணாடி மாஞ்சா இன்னும் மரக்கிளைகளில் தொங்குகிறது. காற்றாடி சீசன் முடிந்ததும் அவற்றை அறுத்தெடுங்கள். உங்கள் வனச்சரக அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை நேரில் கேட்டு வாங்கி, குடோன் வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள்.