பாலோட்டுத் தோட்டமும் காணியர் காட்டிய பச்சிலையும்

அதியன்னூரிலும் நெய்யாற்றங்கரைப் பகுதியிலும் குடியேறி வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் நெய்யாறு, அகத்தியமலையில் பிறப்பது. நம் முன்னோர் பொதிகை என்று போற்றிய மலையும் அதுவே. 1868 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் ஒரு சரிவு தமிழகத்திலும் மறு சரிவு கேரளத்திலும் இருக்கின்றது. காணியர் என்னும் மலைவாழ் மக்கள் இருபுறத்தும் வாழ்கின்றனர்.

அம்மலைத்தொடரின் அடிவாரத்தில், திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் செங்கோட்டை செல்லும் சாலையில், பாலோடு என்னும் ஊர் உள்ளது. அங்கே 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இன்று நேருவின் பெயரைத் தாங்கி நிற்கும் தாவரத் தோட்டம் சுமார் 300 ஏக்கர் பரப்புடையது. பூந்தொட்டிகளை வரிசையாக அடுக்கிய பூங்காவை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். மூங்கில், பனையினங்கள், பெரணி, ஆர்க்கிட், மூலிகை எனக் காட்டுச் செடிகளைக் காத்து ஆராய்வதே அதன் பணி.

இத்தோட்டத்தின் பெயர் உலகெங்கும் பேசப்பட்டதற்குக் காரணம் ஒரு சிறு செடி. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்தியமலைக் காட்டுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவினர், ஏற்றத்தில் களைத்துப்போயினர். வழிகாட்டிய காணியரோ ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அது என்னவென்று கூற முதலில் அவர்கள் இசையவில்லை, பின்னரே காட்டினர். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டு நிலையத்தார் அதனுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கினர். 1995இல் கோயம்புத்தூர் மருந்துச்சாலை ஒன்றுக்கு 10 லட்ச ரூபாய்க்கு அதன் உரிமம் வழங்கப்பட்டது. அத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணியருக்கென ஒதுக்கப்பட்டது. அதனைப் பெற 1997இல் அவர்தம் அறக்கட்டளையும் பதிவாயிற்று.

காட்டறிவைக் கேட்டுக்கொண்டு கைவீசிப் போனவர்களையே கண்ட உலகில் இது அரிய செயல் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் எல்லாம் இனிதே நடந்ததெனக் கூறுவதற்கில்லை. சிலர் வெளியிட்ட அறிவு குலத்தார் அனைவர்க்கும் உரியதன்றோ என்று காணி வைத்தியர்கள் சிலர் எதிர்த்தனர். அவர்கள் கேள்வி நியாயமானதே. செடியும் தொல்லைக்குள்ளாயிற்று. மருந்தின் புகழ் பரவியதும் காட்டில் அதனை வேரோடு பிடுங்கலாயினர். வனத்துறையார் காட்டிலிருந்து சேகரிக்க இசையாமையால், முறையாகப் பயிரிட முனைந்த காணியரும் இடர்ப்பட்டனர். மேலும், மர நிழலும் மலை மண்ணும் உள்ள தன் இயல்பிடத்தில் வளர்ந்தாலன்றி அதன் மருத்துவ ஆற்றல் முழுமையாக அமைவதில்லை என்கின்றனர் அறிஞர். ஆதலின் தோட்டத்தில் நாலு பாத்தி வளர்த்துவிட்டுக் காட்டைக் கைவிட முடியாது.

விடுமுறையில் குழந்தைகளுடன் செல்வோர் மூலிகைப் பகுதியில் சற்று நிதானமாக நடப்பது நன்று. மருந்துக் கடையில் கரிய உலர்ந்த காயாக நாம் வாங்கும் திப்பிலி, வெற்றிலை போன்ற இலையுடன் தரையோடு படரும் கொடி என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கண்டிருப்பர்?