உலக முடிவுக்கு நடக்கும் முன்

பாடசாலை விடுமுறை நெருங்கும் காலத்தில் எமது இதயநோய், நீரிழிவுச் சிகிச்சை நிலையங்களில் ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுகின்றது. “பிள்ளைகள் நுவரெலியாவுக்குப் போக ஆயத்தமாகின்றனர். ஹோட்டன் சமவெளியில் நானும் அவர்களோடு நடக்கலாமா?” ஆம், இல்லை என ஒரு சொல்லில் மறுமொழி கூறிவிடுவது எளிது. ஆனால் ‘கூடாது’ என்று கேட்டவர் எமக்குச் சொல்லாமலே போய்விடுகின்றார். ‘போகலாம்’ என்று கேட்டவர் மருந்தை விடுதி அறையில் வைத்துவிட்டுப் போகின்றார். ஆதலால் அந்தப் பாதை நோயாளர் ஒருவரின் உடலிடம் எதைக் கேட்கின்றது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீற்றருக்கு மேல் அமைந்துள்ளது. 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இச்சமவெளி, 2010இல் உலக மரபுரிமையாகிய மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாயிற்று. பார்வையாளர் நடக்கும் பாதை ஒரு வளையம். நுழைவாயிலில் தொடங்கி, சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி ஆகியவற்றைக் கண்டு மீண்டும் நுழைவாயிலுக்கே திரும்பலாம். மொத்தம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நலமுடையோர்க்கு மூன்று முதல் நான்கு மணிநேரம் பிடிக்கும். செங்குத்தான மலையேற்றம் இல்லையெனினும் கற்களும் வேர்களும் நிறைந்த ஏற்றஇறக்கம் உண்டு. மழை பெய்தால் வழுக்கும். வளையப் பாதையின் இயல்பு ஒன்றை மறத்தல் ஆகாது. பாதித் தூரம் சென்றபின் குறுக்குவழி கிடையாது. எப்பக்கம் திரும்பினாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. பாதையில் வாகனம் செல்ல இயலாது. நடக்க முடியாதவரை மனிதரே தூக்கிவர வேண்டும்.

அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன், கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நலமுடையவர் இதைச் சிறிய மூச்சிரைப்பாக மட்டுமே உணர்வார். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இரவோடிரவாகப் பயணம் செய்து விடிகாலையில் நடக்கத் தொடங்கும் இதயநோயாளருக்கு அது சிறிய மாற்றமன்று. நுவரெலியாவில் ஓர் இரவாவது தங்கி உறங்கியபின் நடப்பது நன்று.

எமக்கு உயரத்தைவிட அதிகக் கவலை தருவது நேரம். காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறி உலக முடிவின் காட்சியை மறைத்துவிடுவதுண்டு. 800 மீற்றருக்கு மேல் கீழிறங்கும் அந்தப் பள்ளத்தாக்கைக் காணவே எல்லோரும் வருகின்றனர் என்பதால், விடியுமுன் எழுந்து, ஒழுங்காக உண்ணாமல், கடுங்குளிரில், பனி வந்துவிடுமே என்ற அவசரத்துடன் விரைந்து நடக்கின்றனர். குளிர் குருதிக்குழாய்களைச் சுருக்கிக் குருதியமுக்கத்தை உயர்த்தும். வெறும்வயிறு குருதிச் சீனியைத் தாழ்த்தும். அவசரம் இதயத்தின் வேலையைக் கூட்டும். இதயநோயாளரும் நீரிழிவு நோயாளரும் தவிர்க்க வேண்டிய மூன்றும் அங்கே ஒரே காலைப் பொழுதில் கூடிவிடுகின்றன. பனி மூடினால் மூடட்டும் என்று முதல்நாளே குடும்பத்தார் முடிவு செய்துகொண்டால், ஆபத்தின் பெரும்பகுதி அங்கேயே நீங்கிவிடும்.

நீரிழிவு உள்ளோரில் இன்சுலின் ஏற்றுவோரும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். மெட்போமின் மட்டும் உட்கொள்வோர்க்குச் சீனி தாழ்வது அரிது. நடக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சீனியை விரைந்து பயன்படுத்துகின்றன. தொடையில் ஏற்றிய இன்சுலின் நடையினால் இன்னும் வேகமாக உறிஞ்சப்படும். அன்று காலை வயிற்றில் ஏற்றுவது பொருத்தம். அளவைக் குறைப்பதா என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நடக்குமுன் அளந்து பாருங்கள். 100க்குக் கீழ் இருந்தால் உண்டபின் நடக்கலாம்.

சீனி தாழ்ந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும் என்பது பலரும் அறிந்ததே. மலையில் கை நடுங்கினால் அது குளிரால் என்று எவரும் எண்ணிவிடுவர். மேலும் பீட்டா புளொக்கர் வகை மாத்திரை உட்கொள்வோரிடம் நடுக்கமும் படபடப்பும் வெளித்தெரியாமல் போகலாம். வியர்வை பெரும்பாலும் மறைவதில்லை. குளிரில் ஒருவருடைய நெற்றி வியர்த்திருந்தாலோ, அவர் பேச்சுத் தடுமாறினாலோ, காரணமின்றிச் சினந்தாலோ உடன் நடப்பவர் காத்திருத்தல் ஆகாது. அவரை உட்காரவைத்து மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோசோ கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து பாருங்கள். விழுங்க இயலாதவருக்கு வாயில் எதையும் ஊட்டாதீர்கள். நுழைவாயிலில் பொதிகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றிவிடுவர். பிஸ்கட்டையும் குளுக்கோசையும் முன்னரே கடதாசியிலோ மூடியுள்ள பெட்டியிலோ இட்டு எடுத்துச் சென்றால், அவசரத்தில் எதுவும் விடுபடாது.

நடை முடிந்ததும் இது முடிந்துவிடுவதில்லை. களைத்த தசைகள் அன்றிரவும் சீனியை இழுத்துக்கொண்டிருக்கும். உறங்குமுன் ஒருமுறை அளந்து பார்ப்பதும் இரவுணவைத் தவிர்க்காமல் இருப்பதும் பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை.

இதயநோயாளரைப் பொறுத்தவரை, மாரடைப்பு ஏற்பட்டு அல்லது ஸ்டென்ட் பொருத்தப்பட்டுச் சில வாரங்களே ஆனவர்க்கு இந்நடை உகந்ததன்று. அதன்பின் வருவோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான். வீட்டருகே ஒன்றரை மணிநேரம், வாரத்துக்கு மூன்று முறையாவது, மூன்று வாரங்களாக இடர்ப்பாடின்றி நடந்துவருகின்றீர்களா? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற சமதரையில் வாழ்வோர்க்கு ஏற்றம் கிடைக்காது. அவர்கள் இடையிடையே மாடிப்படி ஏறிப் பழகலாம். பீட்டா புளொக்கர் உட்கொள்வோர் நாடித்துடிப்பை எண்ணி வேகத்தைத் தீர்மானிக்க முயலவேண்டாம். அம்மருந்து துடிப்பைத் தாழ்த்தியே வைத்திருக்கும். உடன் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகின்றதா என்று பாருங்கள். சொற்கள் இடையில் அறுந்தால் வேகம் மிகை.

நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நின்று, உட்கார்ந்து, நாவின் கீழ் வைக்கும் மாத்திரையை வையுங்கள். நின்றபடி வைத்தால் குருதியமுக்கம் தாழ்ந்து விழக்கூடும். ஐந்து நிமிடத்தில் வலி தீராவிட்டால் 1990 என்ற எண்ணுக்கு அழைத்து, ஒருவரை நுழைவாயிலுக்கு அனுப்புங்கள். மாத்திரை அதற்குரிய கண்ணாடிப் போத்தலிலேயே, நோயாளரின் சொந்தச் சட்டைப் பையில் இருக்க வேண்டும். முன்னால் ஓடிவிட்ட பேரனின் பையில் அன்று.

எம்மிடம் வந்த ஒருவர் சிறிய உலக முடிவை அடையுமுன்னரே நெஞ்சில் பாரத்தை உணர்ந்திருந்தார். பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட்டுவிடும் என்று எவரிடமும் சொல்லாமல் வளையம் முழுவதையும் நடந்து முடித்தார். இரண்டு நாளின் பின் எம் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டபோதுதான் மனைவிக்கே அது தெரியவந்தது. அவர் பிழைத்தார். ஆயினும் இதைக் குடும்பத்தாருக்குச் சொல்லியாக வேண்டும்: நோயாளர் தாமாக ‘திரும்புவோம்’ என்று சொல்லமாட்டார். அவரோடு நடக்கும் ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள். திரும்பும் முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

முழங்கால் தேய்வுள்ளோர்க்கு ஏறுவதைவிட இறங்குவதே துன்பம், ஏனெனில் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை பன்மடங்காகி மூட்டில் இறங்குகின்றது. ஊன்றுகோல் உண்மையாகவே உதவும். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கிய படிகளை மீண்டும் ஏறவேண்டும் என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளோர் வாயையும் மூக்கையும் துணியால் மூடி நடக்கலாம்; இன்ஹேலரை உட்சட்டைப் பையில் வெதுவெதுப்பாக வைத்திருங்கள். சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர் வழியில் கழிப்பறை இல்லையே என்று தாமாகவே மருந்தை நிறுத்துவதும் நீர் அருந்தாமல் இருப்பதும் கேடு; அன்றைய வேளையை மாற்றுவது பற்றி எம்மிடம் கேளுங்கள். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் புதிய சப்பாத்தை அன்று முதன்முறையாக அணிய வேண்டாம். நடை முடிந்ததும் வேறொருவர் அவருடைய உள்ளங்காலைப் பார்க்கட்டும்.

முழு வளையமும் இயலாதெனக் கண்டவர் வீட்டிலே இருந்துவிட வேண்டியதில்லை. நுழைவாயிலை அடுத்த புல்வெளிப் பகுதி பெரிதும் சமதரையே. காலையில் மரைகள் அங்கு மேய்வதைக் காணலாம். அரைமணி நேரம் நடந்து, வந்த வழியே திரும்பி, பிள்ளைகள் வரும்வரை தேநீர் அருந்திக் காத்திருக்கலாம். பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே மருந்துச் சீட்டுடனும் குருதிச் சீனிக் குறிப்புடனும் சிகிச்சை நிலையத்துக்கு வாருங்கள். உடன் நடக்கப்போகின்றவரையும் அழைத்து வாருங்கள்.