மூழ்காத மனத்திண்மை

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில், வட அட்லாண்டிக் பெருங்கடலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. மூன்று மணி நேரத்திற்குள் அது மூழ்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான மார்கரெட் பிரவுன்.

மார்கரெட் 1867ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தின் ஹன்னிபால் நகரில், அயர்லாந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டு வயதில் கொலராடோவிலுள்ள லெட்வில் என்னும் சுரங்க நகருக்குச் சென்றார். அங்கு, சுரங்கத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரவுனை மணந்தார். பின்னர், ஜேம்ஸ் பொறுப்பு வகித்த சுரங்கத்தில் தங்கம் கிடைத்தது. குடும்பம் செல்வச் செழிப்படைந்து, டென்வர் நகரில் குடியேறியது.

வசதி வந்தபின் மார்கரெட் விருந்துகளோடு நின்றுவிடவில்லை. அயல்மொழிகளைக் கற்றார். குற்றம் புரிந்த சிறுவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து விசாரிக்கத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று நீதிபதி பென் லிண்ட்சி பாடுபட்டார். அம்முயற்சிக்கு மார்கரெட் துணைநின்றார்.

ஐரோப்பாவில் பயணம் மேற்கொண்டிருந்தபோது, பேரன் நோயுற்ற செய்தி அவரை எட்டியது. விரைந்து நாடு திரும்ப, அவர் டைட்டானிக்கில் ஏறினார். விபத்தின்போது ஆறாம் எண் உயிர்காப்புப் படகில் ஏற்றப்பட்டார். 65 பேர் அமரக்கூடிய அப்படகு பாதியளவுகூட நிரம்பவில்லை. மார்கரெட் மற்றப் பெண்களோடு துடுப்பு வலித்தார். நீரில் தத்தளிப்போரைக் காப்பாற்றத் திரும்பிச் செல்லலாம் என்று வலியுறுத்தினார். படகு கவிழ்ந்துவிடும் என்று அஞ்சிய பொறுப்பாளர் அதற்கு இணங்கவில்லை.

விடியற்காலையில் கார்பேத்தியா கப்பல் அவர்களை மீட்டது. அங்கும் மார்கரெட் ஓய்ந்திருக்கவில்லை. கணவரையும் உடைமைகளையும் இழந்து, ஆங்கிலம் அறியாமல் தவித்த பெண்களிடம் அவர்களின் மொழியில் பேசி ஆறுதல் அளித்தார். செல்வந்தர்களை அணுகி நிதி திரட்டினார். கப்பல் நியூயார்க்கை அடைவதற்குள் ஏறக்குறைய 10,000 டாலர் தருவதாக அவர்கள் உறுதியளித்தனர்.

முதலாம் உலகப்போரின்போது, பிரான்சில் பாதிக்கப்பட்டோருக்காகவும் அவர் உழைத்தார். அந்நாடு அவருக்கு உயரிய விருதை வழங்கிச் சிறப்பித்தது. 1932ஆம் ஆண்டு அவர் மறைந்தார். பிற்காலத்தில் அவர் கதை இசை நாடகமாகவும் திரைப்படமாகவும் உருவாகி, ‘மூழ்காத மோலி பிரவுன்’ என்னும் பெயரை அவருக்குப் பெற்றுத் தந்தது.

அன்றிரவு படகைத் திருப்ப மார்கரெட்டால் இயலவில்லை. எனினும், மறுநாள் தம்மால் இயன்றதைச் செய்ய அவர் தயங்கவில்லை. உயிர் பிழைத்தது அவருக்குக் கிட்டிய நற்பேறு. பிழைத்தவர்களுக்குத் துணைநின்றது அவரே தேர்ந்தெடுத்த வழி.